கற்பனை இனங்களின் குணமும் குலமதிப்பும்

ஒரு புலவன் புதியதோர் உலகத்தைக் கற்பனையால் படைக்கும்போது, அவ்வுலகில் வாழ்வதற்குரிய இனங்களையும் அவனே படைத்தாக வேண்டும். நெடியர், குறியர், சாவாதவர், இருளில் உறைபவர் எனப் பலரை அவன் படைப்பான். படைத்த அளவில் அவன் வேலை முடிவதில்லை. இவ்வினத்தார் எத்தகைய குணமுடையவர்? பிறர் நடுவே இவர்களுக்குரிய மதிப்பு யாது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கூறியாக வேண்டும். முதல் வினாவுக்கு விடை கூறுதல் எளிது. இவர் சினமுடையர், அவர் பொருளாசை மிக்கவர், உவர் வஞ்சகர் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரியில்தான் இடர் இருக்கிறது. ஓர் இனம் முழுவதற்கும் பிறப்பிலேயே ஒரு குணம் ஒட்டியுள்ளது என்னும் பேச்சு, கதைக்கு வெளியே உள்ள உலகில் எத்தனை கேடுகளுக்கு வழிகோலிற்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய படைப்பில் தலையாயவராகக் கருதப்படுபவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973). இவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1945 வரை பழைய ஆங்கிலத்துக்கும், பின்னர் 1959 வரை ஆங்கில மொழி இலக்கியத்துக்கும் பேராசிரியராக விளங்கியவர். இவருடைய ‘ஹாபிட்’ என்னும் சிறுவர் நூல் 1937இல் வெளிவந்தது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. இவற்றுக்கு முந்திய பழங்கதைகளைக் கூறும் ‘சில்மரில்லியன்’, அவர் மறைந்தபின் அவர் மகன் கிறிஸ்டபர் டோல்கீன் பதிப்பிக்க, 1977இல் வெளியாயிற்று. கதையின் களம் நடுவுலகம். சாவுரான் என்னும் கொடியோன் வார்த்த மோதிரம் ஒன்று, ஹாபிட்டு இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ என்னும் எளியவன் கையில் கிடைக்கிறது. அதனை அழித்தற்கு அவன் மேற்கொள்ளும் பயணமே பெருங்கதை. உடன் செல்வோருள் மாந்தர் உளர். எல்வர் ஒருவரும் குள்ளர் ஒருவரும் உளர். எதிரே நிற்போர் ஓர்க்கர்.

இந்நூல்களை ஊன்றிப் பயில்வோர்க்கு ஒன்று புலனாகும். கதைமாந்தர் ஓர் இனத்தின் ‘இயல்பு’ என்று கூறுவது, பெரும்பாலும் அவ்வினத்துக்கு நேர்ந்த வரலாற்றின் தழும்பேயாகும். அவ்வரலாற்றை ஏறக்குறைய எல்லா இனங்களுக்கும் டோல்கீன் எழுதித் தந்தார். ஓர் இனத்துக்கு மட்டும் அவரால் எழுதி முடிக்க இயலவில்லை.

இனங்களின் பெயர்களை அவர் வெறுங் கற்பனையால் பெற்றாரல்லர். பழைய ஐஸ்லாந்துப் பாடல்களின் தொகுதியாகிய ‘எத்தா’வில் குள்ளர் பெயர்கள் ஒரு நீண்ட பட்டியலாக வருகின்றன. தோரின், ஃபீலி, கீலி, பொம்பூர் முதலிய பெயர்கள் அங்கிருந்தே ‘ஹாபிட்’ நூலுக்கு வந்தன. கண்டால்ஃப் என்னும் மந்திரவாதியின் பெயரும் அப்பட்டியலில் உள்ளதே. ‘பேயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில், தம்பியைக் கொன்ற காயீனின் வழியில் தோன்றிய தீயோர் இன்னின்னார் என்று கூறும் ஓரடி உண்டு. எல்வரும், ஓர்க்கர் என்னும் சொல்லுக்கு மூலமானவரும் அந்த அடியில் தோளோடு தோள் நிற்கின்றனர். டோல்கீன் அவ்விருவரில் ஒருவரை எடுத்து அரியணையில் ஏற்றினார். மற்றவரைப் பள்ளத்திலேயே விட்டார். பழம்பாட்டில் இருவர்க்கும் ஒரே மதிப்புத்தான் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஒளி கண்டவரும் காணாதவரும்

எல்வர் சாவாதவர். வாளால் மடியலாம், துயரால் மடியலாம், மூப்பால் மடிவதில்லை. உலகம் உள்ளளவும் அவர்கள் உலகத்தோடு பிணைக்கப்பட்டவர்கள். மாந்தர்க்குச் சாவு இறைவன் தந்த கொடை என்று எல்வரின் மரபு கூறுகிறது. மாந்தரோ அதனைத் தண்டனையாகக் கருதி அஞ்சுகின்றனர். எல்வரின் குணமெல்லாம் இவ்வொரு நிலையிலிருந்து கிளைப்பது. அழியாதவன் அழிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நேற்று நட்ட மரம் பட்டுப்போவதையும், நேற்றுப் பிறந்த நண்பன் மூத்துச் சாவதையும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் காண்பவனுக்கு, மாறாமை ஒன்றே பெரும் விருப்பமாகிவிடுகிறது. எல்வரின் மூன்று மோதிரங்களும் போருக்கு உரியனவல்ல. உள்ளதை உள்ளவாறே காத்து நிறுத்துவதற்கு உரியன. டோல்கீன் இதனைப் புகழ்ந்துரைக்கவில்லை. பிணத்தைப் பதப்படுத்துவோர் தொழிலோடு ஒப்பிட்டு அவர் தம் கடிதங்களில் குறை கூறியுள்ளார்.

சமூக மதிப்பைப் பொறுத்தவரை, எல்வர் அனைவரும் ஒரு தரத்தினர் அல்லர். உலகின் இளமையில் மேற்கே, கடலுக்கு அப்பால், இரண்டு மரங்களின் ஒளி வீசிற்று. அழைப்பை ஏற்று அங்குச் சென்று அவ்வொளியைக் கண்டவர் ஒளி எல்வர். செல்லாதவர் இருள் எல்வர். முதலில் இது பயணம் பற்றிய பகுப்பே; காலம் செல்லச் செல்ல இதுவே உயர்வு தாழ்வு ஆயிற்று. ஒளி கண்ட நோல்டோர் இனத்து இளவரசன் ஒருவன், நடுவுலகில் அரசாண்ட திங்கோல் மன்னனை ‘இருள் எல்வன்’ என்று சபையில் இழித்துரைக்கிறான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. திங்கோல் மேற்கே சென்று அவ்வொளியைக் கண்டு மீண்டவனே. அவன் குடிமக்களே காணாதவர்கள். வசை பொருந்துமா என்று வசைபாடுவோன் பார்ப்பதில்லை. இழிபெயர் எங்ஙனம் உண்டாகிறது, எங்ஙனம் பொருள் இழந்தும் புழக்கத்தில் நிலைக்கிறது என்பதை ஒரு மொழியறிஞர்தான் இத்துணை நுட்பமாக எழுத முடியும்.

மொழியாசிரியர்கள் தனியே கருதத்தக்க செய்தி ஒன்று இதனைத் தொடர்கிறது. நோல்டோர் நடுவுலகுக்குத் திரும்பி வந்தபோது, வழியில் கப்பல்களுக்காகத் தம் உறவினரையே கொன்று வந்தனர். கொலையுண்டோர் திங்கோலின் உடன்பிறந்தானுடைய மக்கள். இச்செய்தி வெளிப்பட்டதும் திங்கோல் போர் தொடுக்கவில்லை. நோல்டோரின் மொழியாகிய குவென்யாவைத் தன் நாட்டில் எவரும் பேசலாகாது என்று தடுத்தான். நோல்டோர் தாம் அறிவில் மிக்கவர், கலையில் வல்லவர் என்று செருக்குற்றிருந்தவர். அவர்களே தம் தாய்மொழியை விட்டு, தாம் தாழ்வாக எண்ணிய சிந்தார் மக்களின் மொழியை அன்றாட வழக்கில் கைக்கொள்ள நேர்ந்தது. குவென்யா ஏட்டு மொழியாயிற்று. அரசவையிலும் பாட்டிலும் மட்டும் வாழ்ந்தது. ஆனால் விளைவு திங்கோல் எண்ணியதற்கு மாறானது. வழக்கொழிந்த மொழிக்கு ஒரு தெய்வத்தன்மை ஏறிற்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மாந்தருள் அரசர் முடிசூடும்போது குவென்யாவில் பெயர் சூட்டிக்கொள்வது பெருமையாயிற்று. தடையுண்ட மொழி உயர்ந்தோர் மொழியாயிற்று. தடை செய்தோன் மொழி எல்லார்க்கும் உரிய மொழியாயிற்று. பின்னிஷ் மொழியின் ஓசையை ஒட்டிக் குவென்யாவையும், வேல்ஸ் மொழியின் ஓசையை ஒட்டிச் சிந்தரினையும் டோல்கீன் அமைத்தார். அவருக்கு மொழிகளே முதலில் தோன்றின. அம்மொழிகளைப் பேசுதற்கு மக்கள் வேண்டுமே என்றே கதையை எழுதத் தொடங்கினார்.

வளர்ப்புப் பிள்ளைகள்

குள்ளரைப் பற்றிப் பிறர் கூறுவது மூன்று சொற்களில் அடங்கும்: பிடிவாதம், பொன்னாசை, மறைவு. மூன்றும் பொய் என்று டோல்கீன் கூறவில்லை. மூன்றுக்கும் காரணம் காட்டுகிறார்.

பிடிவாதத்துக்குக் காரணம் பிறப்பிலேயே உண்டு. கைத்தொழிலின் தேவனாகிய அவுலே, இறைவன் குறித்த மக்கள் தோன்றும்வரை காத்திருக்கப் பொறாமல், ஏழு குள்ளரை மறைவில் செய்தான். தீயோனின் ஆற்றல் உலகில் ஓங்கியிருந்த காலமாதலின், கல்லைப் போல் தாங்கி நிற்கும் உறுதியை அவர்களுக்கு அளித்தான். இறைவன் கேட்டபோது அவுலே தன் பிழையை உணர்ந்து, தான் செய்தவர்களை உடைக்கச் சம்மட்டியை ஓங்கினான். அவர்கள் அஞ்சிக் குனிந்து இரக்கம் வேண்டினர். பொம்மைக்கு அச்சம் ஏது? அவர்களுக்கு உயிர் வந்துவிட்டது. இறைவன் அவர்களை ஏற்றுக்கொண்டான். ஆயினும் எல்வர் விழிக்கும்வரை உறங்குக என்று கல்லின் கீழ்க் கிடத்தினான். முன்னே பிறந்தும் பின்னே எழவேண்டியவராயினர். எல்வர் இறைவன் எண்ணத்தில் உதித்தவர். குள்ளர் அவன் வளர்ப்புப் பிள்ளைகள். இரு கூட்டத்தார்க்கும் இடையே பிணக்கு எழும் என்று அன்றே சொல்லப்பட்டது.

மறைவுக்கும் பொன்னாசைக்கும் காரணம் பிற்காலத்து வாழ்வில் உள்ளது. மோரியா என்னும் பெருஞ்சுரங்க நகரை மூன்றாம் ஊழியின் 1981ஆம் ஆண்டில் அவர்கள் இழந்தனர். எரெபோர் என்னும் தனிமலையை 2770இல் ஒரு நாகப்பறவை பறித்துக்கொண்டது. அரசர் வழிவந்த தோரின், பிறர் ஊர்களில் கொல்லுவேலையும் நிலக்கரி வெட்டும் வேலையும் செய்து பிழைத்ததைத் தன் வாயாலேயே கூறுகிறான். ஊர் ஊராகச் செல்வோர் எடுத்துச் செல்லக்கூடிய செல்வம் பொன் ஒன்றே. அவர்கள் வாழும் நாட்டின் மொழியைப் பிறர் முன் பேசுவர். தம் மொழியாகிய குஸ்துலைத் தம்முள் மட்டும் பேசுவர். பிறர் அழைப்பதற்கு வடநாட்டு மாந்தர் மொழியில் ஒரு பெயர் வைத்துக்கொள்வர். உண்மைப் பெயரைக் கல்லறையிலும் பொறிப்பதில்லை. குள்ளர் இயல்பாகத் தீயவர் அல்லர் என்றும், மாந்தரின் கதைகள் என்ன கூறினும் பகைவனுக்குத் தம் விருப்பால் பணிசெய்தோர் அவர்களுள் மிகச் சிலரே என்றும் பெருங்கதையின் பிற்சேர்க்கை தெளிவாகக் கூறுகிறது. ‘மாந்தரின் கதைகள்’ என்று சுட்டியிருப்பது கருத்தூன்றத்தக்கது. தீப்பெயரை ஆக்கியோர் யார் என்று ஆசிரியர் அங்கேயே காட்டிவிடுகிறார்.

குள்ளரை எண்ணும்போது தமக்கு யூதரின் நினைவு வருவதாக டோல்கீன் 1955இல் ஒரு கடிதத்தில் எழுதினார். வாழும் இடத்துக்கு உரியவராகவும் அயலவராகவும் ஒருங்கே இருத்தல், நாட்டு மொழியைத் தம் மொழியின் சாயலோடு பேசுதல் ஆகியவையே அவர் காட்டிய ஒப்புமைகள். குஸ்துலின் ஓசையமைப்பும் செமித்திய மொழிகளை ஒட்டியதே. இவ்வொப்புமையில் ஒரு முள்ளும் உண்டு. பொன்னாசை என்னும் பழி, ஐரோப்பாவில் யூதர்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வந்த பழியாகும். அதனைக் குள்ளர்மீது ஏற்றியபோது டோல்கீன் அப்பழியின் நிழலையும் தம் கதைக்குள் கொண்டுவந்தார் என்று கூறுவோர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. எனினும் அவர் உள்ளம் எப்பக்கம் நின்றது என்பதற்கு வேறொரு சான்று உளது. 1938இல் ‘ஹாபிட்’ நூலை மொழிபெயர்க்க முன்வந்த ஜெர்மானியப் பதிப்பகம் ஒன்று, அவர் ஆரிய வழியினரா என்று கேட்டு எழுதிற்று. யூத முன்னோர் தமக்கு இல்லாமைக்கு வருந்துவதாகக் கூறும் மறுமொழி வரைவு ஒன்று அவர் கடிதங்களுள் கிடைத்துள்ளது. அந்நூலின் ஜெர்மன் பதிப்பு 1957இல்தான் வந்தது.

குள்ளருள்ளும் தாழ்ந்தோர் உண்டு. தம் நகரங்களிலிருந்து துரத்தப்பட்டுக் காட்டில் ஒதுங்கிய சிறுகுள்ளர் என்போர் அவர். நடுவுலகின் எல்வர் அவர்களை முதலில் கண்டபோது, இன்னார் என்று அறியாமல், விலங்கென எண்ணி வேட்டையாடினர். மற்றக் குள்ளர் வந்து பழகிய பின்னரே தாம் கொன்றது யாரை என்று அறிந்தனர், வேட்டையை நிறுத்தினர். ஆனால் அதற்குள் அவ்வினம் தேய்ந்துவிட்டது. இறுதியில் எஞ்சியவர் மீம் என்னும் கிழவனும் அவன் மக்கள் இருவருமே. அம்மக்களுள் ஒருவனும் கள்வர் கூட்டத்தான் ஒருவன் அம்பால் மாள்கிறான். பின்னர் இதே மீம், அக்கூட்டத் தலைவனாகிய தூரினைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுக்கிறான். சிறுகுள்ளர் நன்றியற்றவர், நம்பத்தகாதவர் என்று பழங்கதை பேசுவோர் பேசுவர். காட்டிக்கொடுத்த செயலையும் வேட்டையாடப்பட்ட செய்தியையும் ஒரே கதையில் வைத்த ஆசிரியர், இரண்டையும் சேர்த்துப் படிக்குமாறு படிப்போரிடம் விட்டுவிட்டார்.

எல்வர்க்கும் குள்ளர்க்கும் உள்ள பகை என்றுமுள்ள பகையன்று. மோரியாவின் மேற்கு வாயிலைச் செய்தோர், நார்வி என்னும் குள்ளனும் கெலப்ரிம்போர் என்னும் எல்வனும் ஆவர். அக்கதவைத் திறக்கும் மறைச்சொல், எல்வர் மொழியில் ‘நண்பன்’ என்பதே. ஊழி ஒன்று கடந்தபின் அவ்வாயில் முன்னே நின்று, நட்பு முறிந்தது யாரால் என்று குள்ளனாகிய கிம்லியும் எல்வனாகிய லெகோலஸும் வாதிடுகின்றனர், சொல் மறந்துபோனது, கதவு திறக்கவில்லை. சில நாள்களுக்குப் பின் லோரியன் என்னும் எல்வர் காட்டில், குள்ளன் கண்ணைக் கட்டிக்கொண்டே உள்ளே வரலாம் என்று காவலர் கூறுகின்றனர். கிம்லி கோடரியை ஓங்குகிறான். லெகோலஸின் கண்ணையும் கட்டினால் தனக்கு உடன்பாடு என்கிறான். லெகோலஸுக்குச் சினம் வருகிறது. தான் எல்வன், இங்குள்ளோர்க்கு உறவினன் என்கிறான். அதுகாறும் வழக்கத்தைக் குறை கூறாத ஒருவன், அவ்வழக்கம் தன்மேல் பாயும்போது மட்டும் அதனை அநீதியாக உணரும் காட்சி இது. எல்லார் கண்ணையும் கட்டுக என்று அரகோர்ன் தீர்ப்புக் கூறுகிறான். அக்காட்டின் அரசி கலாட்ரியல், கிம்லியை வரவேற்கும்போது அவன் முன்னோர் இடங்களின் பெயர்களை அவன் மொழியிலேயே சொல்கிறாள். கிம்லியின் மனம் மாறியது அந்த ஒரு செயலால்தான். இருவர் நட்பும் அங்கிருந்தே வளர்கிறது.

தோட்டக்காரன் மகன்

ஹாபிட்டர் மாந்தரில் பாதி உயரத்தினர். உணவிலும் உறவுமுறைக் கணக்கிலும் பேரார்வம் உடையவர். மூன்றாம் ஊழி 1601இல் மாந்தரின் அரசன் ஒருவன் அளித்த ஷையர் என்னும் நாட்டில் உழுது வாழ்பவர். அவர்களுடைய குணம் என்று கூறப்படுவது, இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக் குணமே. அவர்களுள் டூக்கு, பிராண்டிபக்கு போன்ற பெருங்குடிகள் உண்டு. பாகின்ஸ் போன்ற மதிப்புக்குரிய குடிகள் உண்டு. கூலிக்கு உழைக்கும் எளிய குடிகளும் உண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் நகரத்தலைவர் ஒருவரும் உண்டு.

சாம் என்பவன் ஃப்ரோடோ வீட்டுத் தோட்டக்காரன். அவன் தந்தையும் அவ்வீட்டின் தோட்டக்காரரே. பில்போ துரை தன் மகனுக்கு எழுத்தறிவித்தார் என்று அக்கிழவர் ஊராரிடம் கூறும்போது, அதனால் தீங்கொன்றும் வாராது என்று நம்புவதாக ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார். வேலைக்காரன் மகன் எழுத்துப் படித்தால் வேண்டாத எண்ணங்கள் வரும் என்னும் அச்சம் அது. தோட்டப்புறங்களில் பள்ளி நடத்திய ஆசிரியர்கள் இவ்வச்சத்தை நன்கு அறிவர். சாம் இறுதிவரை ஃப்ரோடோவை ‘ஐயா’ என்று மதிப்புடனேயே அழைக்கிறான். முதல் உலகப்போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் அதிகாரியாகப் பணியாற்றிய டோல்கீன், தம்முடன் இருந்த எளிய படைவீரர்களின் சாயலையே சாமுக்குத் தந்ததாகக் கூறியுள்ளார். அவர்கள் தம்மினும் மிக உயர்ந்தோர் என்பது அவர் கருத்து. கதையின் முடிவில், எழுதப்படாத கடைசிப் பக்கங்களுடன் ஏட்டை ஃப்ரோடோ சாமிடம் ஒப்படைத்துச் செல்கிறான். எழுத்தறிந்த தோட்டக்காரனே வரலாற்றை முடித்து எழுதுகிறான். ஏழு முறை நகரத்தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். அவன் மகள் ஒருத்தி, டூக்குப் பெருங்குடியின் தலைமகனை மணக்கிறாள். ஆசிரியர் இச்செய்தியைக் கதைக்குள் வைக்காமல் பிற்சேர்க்கையிலுள்ள குலவரிசைப் பட்டியலில் வைத்துவிட்டமையால், பலர் காணாமலே கடந்துபோகின்றனர்.

மாந்தரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். மேற்கத்திய உயர்ந்தோர், இடைநிலையினர், காட்டினர் என்று மாந்தரை மூவகையாகப் பகுத்து ஃபராமிர் என்னும் கோண்டோர் நாட்டுப் பெருமகன் ஒரு பாடம் நடத்துகிறான். அவன் நல்லவன், ஆயினும் அது உயர்ந்தோர் எழுதிய பாடம். அதன் பொய்ம்மையை அந்நாட்டு வரலாறே காட்டுகிறது. கோண்டோரின் அரசன் ஒருவன் வடநாட்டு இடைநிலை இனத்துப் பெண்ணை மணந்தான். அவள் மகன் எல்தகார் குறுகிய ஆயுளன் ஆவான், உயர்குருதி கெடும் என்று பெருமக்கள் கலகம் செய்தனர். 1432இல் தொடங்கிய உட்போர் 1448 வரை நாட்டை எரித்தது. எல்தகார் அரசிழந்தான், பத்தாண்டு கழித்து மீண்டான், 235 ஆண்டுகள் வாழ்ந்து இயற்கையாக மாண்டான். குருதி கெடவில்லை, அக்குருதியைக் காக்கப் புறப்பட்டோரால் நாடு கெட்டது.

காட்டினர் என்று தள்ளப்பட்டோரின் தலைவன் கான்-பூரி-கான். ரோஹன் நாட்டுக் குதிரைப்படைக்கு மறைவழி காட்டித் தருகிறான். தியோடன் மன்னன் பரிசும் நட்பும் தருவதாகச் சொல்லும்போது அவன் கேட்பது ஒன்றே: இனி எங்களை விலங்குகளைப் போல் வேட்டையாடாதீர்கள். நல்லவராகவே நூல் முழுதும் காட்டப்பட்ட ரோஹன் மக்கள் இதுகாறும் என்ன செய்துவந்தனர் என்பது அவ்வொரு வேண்டுகோளால் வெளிப்பட்டுவிடுகிறது. சிறுகுள்ளர் கதையை அறிந்தோர்க்கு இது இரண்டாம் முறை. இம்முறை நீதி கிடைக்கிறது. அரகோர்ன் முடிசூடியபின் அக்காட்டை அவர்களுக்கே உரிமையாக்கி, அவர் இசைவின்றி எவரும் நுழையலாகாது என்று முரசறைவிக்கிறான்.

வரலாறு எழுதப்படாதோர்

இனி ஓர்க்கர். தமிழில் இவர்களை எழுதும்போதே ஒரு வினா எழுகிறது: ‘அவர்’ என்பதா, ‘அவை’ என்பதா? நன்னூலார் மக்களோடும் தேவரோடும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். தீமை பற்றித் திணை வேறுபடவில்லை. அம்முறையில் ஓர்க்கரும் உயர்திணையே. அவர்கள் பேசுகின்றனர், எண்ணுகின்றனர், வஞ்சினம் கூறுகின்றனர், எதிர்காலம் பற்றித் திட்டமிடுகின்றனர். ஷாக்ராட், கோர்பாக் என்னும் இரு படைத்தலைவர் தனியே உரையாடும் காட்சி ஒன்று உண்டு. மேலதிகாரிகளை வைகின்றனர். போர் முடிந்ததும் நம்பத்தக்க தோழர் சிலரோடு எங்கேனும் சென்று, பெரிய தலைவர் எவரும் இல்லாத இடத்தில் வாழலாம் என்று கனவு காண்கின்றனர். உடன்வந்தவனைக் களத்தில் விட்டுச் செல்வது இழிசெயல் என்றும் ஒருவன் பழிக்கிறான். எனின், இழிவு எது என்னும் உணர்வு அவர்களுக்கும் உண்டு. அவர்களுடைய கொடுமை ஐயத்துக்கு இடமற்றது. அவர்கள் கசையடியின் கீழ் ஓட்டிச் செல்லப்படுவோர் என்பதும் அவ்வாறே. அவர்களுள் தாழ்ந்தோர்க்கு வழங்கும் ‘ஸ்நாகா’ என்னும் பெயரின் பொருள் அடிமை.

இவர்கள் எங்ஙனம் தோன்றினர்? தீமை எதனையும் புதிதாகப் படைக்க வல்லதன்று, உள்ளதைக் கெடுக்கவே வல்லது என்பது டோல்கீனின் உறுதியான கொள்கை. அவர் சார்ந்த கத்தோலிக்க சமயத்தின் கொள்கையும் அதுவே. எனவே ஓர்க்கர் முன்பு வேறு யாராகவோ இருந்திருத்தல் வேண்டும். பிடிபட்டுச் சிதைக்கப்பட்ட எல்வர் என்று ‘சில்மரில்லியன்’ கூறுகிறது. ஆனால் எல்வர்க்குச் சாவில்லையே! பின்னர் மாந்தர் வழியினராகலாம் என்று எழுதினார். பேசக் கற்பிக்கப்பட்ட விலங்குகளோ என்றும் எழுதிப் பார்த்தார். விலங்காயின் கொல்வதில் குற்றமில்லை. ஆனால் பேச்சு விலங்குக்கு எங்ஙனம் வந்தது? மாந்தராயின் திருந்தும் வழி அவர்களுக்கும் இருத்தல் வேண்டும். கதையிலோ ஒருவரும் திருந்துவதில்லை. 1993இல் வெளியான ‘மார்காத்தின் மோதிரம்’ என்னும் தொகுதியில் இக்குறிப்புகள் ஒன்றை ஒன்று மறுத்தவாறே கிடக்கின்றன.

தோற்றத்தைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைத்தலாகாது. திரைப்படமாக்க முன்வந்தோர்க்காக 1958இல் எழுதிய குறிப்பில், ஓர்க்கரின் தட்டை மூக்கையும் சாய்ந்த கண்ணையும் கூறி, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றுத் தோன்றும் மங்கோலிய வகையினரின் சிதைந்த வடிவம் என்று டோல்கீன் எழுதினார். ‘ஐரோப்பியர் கண்ணுக்கு’ என்று அவரே ஓர் எல்லை வகுத்துக்கொண்டார் என்பது உண்மை. ஆயினும் கிழக்காசியாவில் வாழ்வோர் அவ்வரியை வருத்தமின்றிப் படித்தல் அரிது. ஓர் இனத்துக்கு வரலாறு எழுதாத இடத்தில், வெளியுலகின் பழைய வெறுப்பு வந்து அமர்ந்துகொள்கிறது. குள்ளரைப் பற்றிய பழிக்கு விடைகூறும் பக்கங்கள் அவரிடம் உண்டு; இங்கு அப்பக்கங்கள் இல்லை.

இத்தனைக்கும் எதிரியையும் மனிதனாகக் காணும் கண் அவருக்கு இருந்தது. இதிலியன் காட்டில் சாம், தன் காலடியில் விழுந்து மாண்ட தென்னாட்டு வீரன் ஒருவனைப் பார்க்கிறான். இவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், மனத்தால் தீயவனா, பொய்யாலோ அச்சுறுத்தலாலோ இழுத்துவரப்பட்டவனா என்று எண்ணுகிறான். இரண்டு பாகங்கள் முழுதும் ஓர்க்கர் நூற்றுக்கணக்கில் மடிகின்றனர். அவர்களுள் ஒருவனைக் குறித்தும் சாம் இவ்வாறு எண்ணுவதில்லை. போர் முடிந்தபின் அரகோர்ன் நீதி வழங்கும் பகுதி இன்னும் தெளிவானது. சரணடைந்த கிழக்கு நாட்டாரை மன்னித்து விடுக்கிறான். தென்னாட்டாரோடு உடன்படிக்கை செய்கிறான். மோர்டோரின் அடிமைகளை விடுதலை செய்து, நூர்னென் ஏரியைச் சூழ்ந்த நிலத்தை அவர்களுக்கே தருகிறான். அவ்வரிசையில் ஓர்க்கர் பெயர் இல்லை. மன்னித்ததாகவும் இல்லை, தண்டித்ததாகவும் இல்லை.

டோல்கீனின் இனங்கள் அவர் நூல்களோடு நின்றுவிடவில்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் அவற்றை எடுத்தாண்டது. ஆட்டத்துக்கு வரலாறு வேண்டியதில்லை; எண் வேண்டும். குள்ளனாயின் உடலுறுதிக்கு இத்தனை புள்ளி கூட்டுக, எல்வனாயின் விரைவுக்கு இத்தனை கூட்டுக என்று குணங்கள் பட்டியலாயின. சில இனங்கள் பிறப்பிலேயே தீயவை என்று குறிக்கப்பட்டன. டோல்கீன் இயல்புக்குக் காரணம் காட்டிய இடங்களெல்லாம் உதிர்ந்துபோய், இயல்பு மட்டும் எஞ்சிற்று. கணினி விளையாட்டுகள் அப்பட்டியலையே பின்பற்றின. ஆட்டக்காரரிடையே எழுந்த மறுப்பினால், பிறப்போடு ஒட்டிய அப்புள்ளிகளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள 2020இல் வெளியீட்டு நிறுவனம் இடமளித்தது. 2022இல் ‘இனம்’ என்னும் சொல்லையே கைவிடுவதாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், அப்புள்ளிகள் பிறப்பினின்றும் பிரிக்கப்பட்டு, உழவன், எழுத்தன், படைவீரன் என்பன போன்ற வளர்ப்பு நிலைகளோடு சேர்க்கப்பட்டன. ஆட்டக்காரர் ஏற்று நடிக்கத்தக்க பத்து வகையினருள் ஓர்க்கரும் ஒருவராக அப்பதிப்பில் இடம்பெற்றுள்ளனர்.